ஒரு வரிசை, ஒரு வாக்கியம்: டேட்டாபேஸ் வடிவமைப்பு அறிமுகம்

ஒரு சிறிய நூலகத்தின் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் ஷீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாராவது புத்தகம் எடுக்கும்போதெல்லாம் ஒரு வரிசை சேரும். உறுப்பினர் பெயர், அவருடைய தொலைபேசி எண், புத்தகத் தலைப்பு, ஆசிரியர், எடுத்த தேதி, திருப்பிய தேதி என்று ஆறு நெடுவரிசைகள். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். அப்புறம் ஓர் உறுப்பினரின் தொலைபேசி எண் மாறுகிறது. அவர் அதுவரை நாற்பது புத்தகங்கள் எடுத்திருந்தால் நாற்பது வரிசைகளிலும் எண்ணைத் திருத்த வேண்டும். இரண்டை விட்டுவிட்டால் போதும், அந்த ஷீட் ஒரே ஆளுக்கு இரண்டு எண்களைச் சொல்லும். எது சரியான எண் என்று ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இன்னொருவர் இன்றுதான் உறுப்பினராகச் சேர்ந்தார், புத்தகம் எதுவும் இன்னும் எடுக்கவில்லை. அவரை எங்கே எழுதுவது? பாதி காலியான ஒரு வரிசையில்தான். சரி, பழைய வரிசைகளை அழித்து ஷீட்டைச் சுருக்கலாம் என்றால், ஒரே ஒரு முறை வெளியே போய் வந்த புத்தகத்தின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் அந்த வரிசையோடு போய்விடும். அப்படி ஒரு புத்தகம் நூலகத்தில் இருப்பதற்கான தடயமே மிஞ்சாது.

திருத்தும்போதும் சேர்க்கும்போதும் அழிக்கும்போதும் வருகிற இந்த மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். அந்த ஷீட்டின் ஒவ்வொரு வரிசையும் ஒரே மூச்சில் பல செய்திகளைச் சொல்கிறது. ‘இன்னாரின் தொலைபேசி எண் இது’ என்பது ஒரு செய்தி. ‘இந்தப் புத்தகத்தை எழுதியவர் இவர்’ என்பது இன்னொன்று. ‘இன்னார் இந்தப் புத்தகத்தை இந்தத் தேதியில் எடுத்தார்’ என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வரிசையில் கட்டிப்போட்டதால், ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசைகிறது.

டேட்டாபேஸ் வடிவமைப்பைப் புதிதாகக் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு வரிசையையும் வாய்விட்டு ஒரு வாக்கியமாகப் படித்துப் பாருங்கள். டேபிள் என்பது கோடிட்ட இடங்கள் உள்ள ஒரு வாக்கியம். ‘உறுப்பினர் ____, பிரதி ____ஐ ____ தேதியில் எடுத்தார்.’ ஒவ்வொரு வரிசையும் அந்தக் கோடுகளை ஒரு முறை நிரப்பியது. வரிசை டேபிளில் இருந்தால் அந்த வாக்கியம் உண்மை என்று டேட்டாபேஸ் அறிவிக்கிறது. எந்தெந்த வாக்கிய வடிவங்கள் அனுமதிக்கப்படுகின்றன, ஒவ்வொரு கோட்டிலும் என்ன மாதிரியான மதிப்பு வரலாம், எந்த வாக்கியம் எந்த வாக்கியத்தைச் சார்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் விவரிப்புக்குப் பெயர் ஸ்கீமா. உள்ளே இருக்கும் தரவு நிமிடத்துக்கு நிமிடம் மாறலாம். ஸ்கீமா அரிதாகத்தான் மாறும்.

மாடல் என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்கீமா என்பது உங்கள் நூலகத்துக்கு மட்டும் உரியது. டேட்டா மாடல் அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது: எந்த நூலகமானாலும் மருத்துவமனையானாலும், தரவை எந்த உருவத்தில் அடுக்கலாம், அதன்மேல் என்னென்ன செய்யலாம் என்பதற்கான பொது விதி. டேபிள்களாக அடுக்கலாம், மரமாக அடுக்கலாம், வலையாகப் பின்னலாம். முதலில் மாடலைத் தேர்ந்தெடுக்கிறோம், பிறகு அந்த மாடலுக்குள் ஸ்கீமாவை எழுதுகிறோம்.

மரமும் வலையும் டேபிளும்

1966-இல் ஐ.பி.எம். நிறுவனம், ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற டேட்டாபேஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. நிலவுக்குப் போகும் அப்போலோ திட்டத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு எண்ணற்ற பாகங்கள். அவற்றின் பட்டியலைக் கணினியில் பராமரிக்க வேண்டியிருந்தது. ராக்கெட்டுக்குள் அடுக்குகள், அடுக்குக்குள் எஞ்சின், எஞ்சினுக்குள் பம்ப், பம்புக்குள் திருகாணி. இது இயல்பாகவே ஒரு மரம். அதனால் ஐ.எம்.எஸ்ஸும் மர வடிவத்தையே எடுத்துக்கொண்டது. இதைத்தான் படிநிலை மாடல் என்கிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே ஒரே ஒரு பெற்றோர், கீழே எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும்.

மேலிருந்து கீழே போகும் கேள்விகளுக்கு மரம் மிக வேகமாகப் பதில் சொல்லும். ‘இந்த எஞ்சினில் என்னென்ன பாகங்கள்?’ என்று கேட்டால் உடனே கிடைக்கும். ‘இந்த வகைத் திருகாணி எங்கெல்லாம் பயன்படுகிறது?’ என்று திருப்பிக் கேட்டால்தான் திணறல். ஒரே வகைத் திருகாணி பல இடங்களில் வரும், ஆனால் ஒரு பதிவுக்கு ஒரே பெற்றோர்தானே இருக்கலாம்? தூய மர வடிவத்தில் அந்தத் திருகாணியின் விவரத்தை ஒவ்வொரு கிளையிலும் மறுபடி எழுத வேண்டும். எக்செல் ஷீட்டில் தொலைபேசி எண் நாற்பது முறை வந்த அதே கதைதான்.

சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய ஐ.டி.எஸ். என்ற டேட்டாபேஸ் அமைப்பு வேறு வழியில் போனது. அதில் ஒரு பதிவு பல சங்கிலிகளில் ஒரே நேரத்தில் கோக்கப்பட்டிருக்கலாம். இந்தச் சிந்தனைதான் பிறகு வலையமைப்பு மாடலாக வளர்ந்தது; கணினித் துறையினர் சேர்ந்து அமைத்த கோடாசில் குழு 1971-இல் அதற்கான விரிவான அறிக்கையை வெளியிட்டது. இந்தப் பங்களிப்புக்காக பாக்மனுக்கு 1973-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. திருகாணிச் சிக்கல் இதில் தீர்ந்தது. ஆனால் நிரல் எழுதுபவர் எந்தச் சங்கிலியைப் பிடித்து எந்தப் பதிவுக்குப் போக வேண்டும் என்ற பாதை முழுவதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சேமிப்பு அமைப்பில் ஒரு சங்கிலியை மாற்றினால் அந்தப் பாதையை நம்பி எழுதிய நிரல்கள் உடைந்துபோகும்.

இந்த இடத்தைத்தான் எட்கர் காட் பிடித்துக்கொண்டார். ஐ.பி.எம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை பார்த்த கணிதக்காரர். 1970 ஜூன் மாதம் வெளிவந்த அவருடைய கட்டுரை, அன்றைய அமைப்புகளில் நிரல்கள் மூன்று விஷயங்களை நம்பிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது: பதிவுகள் அடுக்கப்பட்ட வரிசைமுறை, தேடலை வேகமாக்க வைத்திருக்கும் இன்டெக்ஸ்கள், தரவை எட்டும் பாதைகள். இவை மூன்றும் கணினியின் வசதிக்காக இருப்பவை. தரவு சொல்லும் செய்திக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இவற்றை நிரல் தெரிந்து வைத்திருக்க ஏன் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய வாதத்தின் மையம்.

அவர் முன்வைத்த மாற்று எளிமையானது. எல்லாத் தரவையும் கணிதத்தில் வரும் கணங்களைப் போல, டேபிள்களாக மட்டும் காட்டு. வரிசைகளுக்குள் முன்பின் கிடையாது. ஒரு டேபிளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொடர்பு மறைவான சங்கிலியாக இருக்காது. இரண்டிலும் வரும் மதிப்பாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். இரவல் டேபிளில் உறுப்பினர் எண் 204 என்று இருக்கிறதா? உறுப்பினர் டேபிளிலும் 204 இருக்கும். அவ்வளவுதான் தொடர்பு. அதே காரணத்தால் எந்தத் திசையிலிருந்தும் கேட்கலாம். உறுப்பினரிலிருந்து புத்தகத்துக்குப் போகலாம், புத்தகத்திலிருந்து உறுப்பினருக்கு வரலாம். இதுதான் ரிலேஷனல் மாடல், தமிழில் உறவுநிலை மாடல்.

இதையடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974-இல் அதே ஐ.பி.எம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் ஒரு கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வாங் குழுவினர் இங்க்ரஸ் அமைப்பைக் கட்டினார்கள். ஆரக்கிள் 1979-இல் சந்தைக்கு வந்தது. எட்கர் காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார். எஸ்.க்யூ.எல். 1986-இல் அமெரிக்கத் தர நிர்ணயமானது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் போன்ற இன்றைய டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

‘புத்தகம்’ என்றால் எது?

சரி, நம் நூலகத்துக்கு வருவோம். வடிவமைப்பு தொடங்குவது கணினியில் இல்லை, கேள்விகளில். இந்த நூலகம் எவற்றைப் பற்றிய செய்திகளைக் காக்க வேண்டும்? பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த என்டிட்டி-ரிலேஷன்ஷிப் முறை இதற்கு இன்றும் நல்ல துணை. எவற்றைப் பற்றிப் பேசுகிறோமோ அவை என்டிட்டிகள், அவற்றைப் படத்தில் பெட்டிகளாகப் போடுகிறோம். அவற்றுக்கு இடையே உள்ள தொடர்புகளைக் கோடுகளாக வரைகிறோம். உறுப்பினர் ஒரு பெட்டி, புத்தகம் ஒரு பெட்டி, நடுவே ‘எடுக்கிறார்’ என்று ஒரு கோடு. முதல் படம் ஐந்து நிமிடத்தில் தயார்.

ஆனால் அந்தப் படம் தவறு. ஏன் என்று பார்க்க, நூலகத்தில் மக்கள் பேசுவதைக் கேட்டால் போதும். ‘அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது’ என்கிறார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது எழுத்தாளர் எழுதிய படைப்பை. இரண்டாமவர் சொல்வது அலமாரியில் இருக்கும், கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளை. நூலகத்திடம் ஒரே நூலின் ஐந்து பிரதிகள் இருக்கலாம். உறுப்பினர் 204 எடுத்துப்போவது அந்த ஐந்தில் ஒன்றை மட்டும். ‘புத்தகம்’ என்ற ஒரே டேபிளை வைத்துக்கொண்டால், ஒரு பிரதி வெளியே போனதும் ஐந்தும் வெளியே போனதாகக் கணக்கு காட்டும். இல்லையென்றால் ஒரே தலைப்பை ஐந்து முறை எழுதி, அதில் எழுத்துப்பிழை இருந்தால் ஐந்து இடத்திலும் திருத்த வேண்டியிருக்கும்.

நூலகத் துறையினர் இதை ஆழமாகவே யோசித்திருக்கிறார்கள். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 1998-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, நாம் புத்தகம் என்று ஒரே சொல்லில் அழைப்பதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: படைப்பு, அது ஒரு மொழியிலோ வடிவிலோ பெறும் வெளிப்பாடு, அச்சாகி வரும் வெளியீடு, கையில் எடுக்கும் பிரதி. நம் சிறிய நூலகத்துக்கு நான்கும் தேவையில்லை என்பது என் கணிப்பு. படைப்பு, பதிப்பு, பிரதி என்று மூன்று போதும். மொழிபெயர்ப்புகள் நிறைய உள்ள பெரிய நூலகம் என்றால் நான்காவதும் வேண்டியிருக்கும். எத்தனை நிலை வேண்டும் என்பதை அந்த நூலகம் கேட்கப்போகும் கேள்விகள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘இந்தப் படைப்பின் எல்லாப் பதிப்புகளையும் காட்டு’ என்று யாரும் கேட்கவே போவதில்லை என்றால், படைப்பையும் பதிப்பையும் பிரிக்கக்கூடத் தேவையில்லை.

வடிவமைப்பில் நேரத்தைச் செலவழிக்க ஓர் இடம் இருக்கிறதென்றால் அது இதுதான். டேபிளை உருவாக்கும் கட்டளையைக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உழைப்பு தேவை. ‘ஆர்டர்’, ‘கணக்கு’, ‘வாடிக்கையாளர்’, ‘வகுப்பு’ என்று எந்த வேலையிடத்துச் சொல்லை எடுத்தாலும் இதே போலப் பிரித்துப் பார்க்கலாம்.

எதை வைத்து அடையாளம் சொல்வது?

ஒரு வாக்கியம் இன்னொன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், எதைச் சொல்கிறது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. அதற்குத்தான் பிரைமரி கீ. ஒரு டேபிளில் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் நெடுவரிசை, அல்லது சில நெடுவரிசைகளின் சேர்க்கை. அது காலியாக இருக்கக் கூடாது, இரண்டு வரிசைகளுக்கு ஒன்றாகவும் இருக்கக் கூடாது. பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள்.

பதிப்புக்கு ஐ.எஸ்.பி.என். என்ற பன்னாட்டு நூல் எண் இருக்கிறதே, அதையே கீயாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் ஐ.எஸ்.பி.என். முறை வருவதற்கு முன் அச்சான நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. 2007 ஜனவரியில் 10 இலக்க எண் 13 இலக்கமானது. கீ என்று அதை நம்பிய டேபிள்கள் எல்லாவற்றுக்கும் அன்று வேலை வந்தது. பழைய 10 இலக்க வடிவத்தில் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம், அதனால் அதை எண்ணாகச் சேமித்திருந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே சிக்கல். வெளியுலகம் தரும் அடையாளம் வெளியுலகத்தின் விருப்பப்படி மாறும். அதனால் டேட்டாபேஸ் தானே கொடுக்கும், எந்த அர்த்தமும் இல்லாத வரிசை எண்ணைக் கீயாக வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.பி.என்னைத் தனி நெடுவரிசையில் ‘இரு முறை வரக் கூடாது’ என்ற விதியோடு வைப்பதையே நான் விரும்புவேன். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு. அவர்களிடமும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அர்த்தமில்லாத எண் மட்டும் இருந்தால் ஒரே பதிப்பைத் தெரியாமல் இரண்டு முறை பதிந்துவிட முடியும். அதைத் தடுக்கத்தான் அந்த ‘இரு முறை வரக் கூடாது’ விதி.

ஒரு டேபிளின் கீ இன்னொரு டேபிளில் வந்து உட்கார்ந்தால் அங்கே அதற்குப் பெயர் ஃபாரின் கீ. பிரதி டேபிளில் ‘பதிப்பு எண்’ என்று ஒரு நெடுவரிசை. அதில் 57 என்று எழுதினால், பதிப்பு டேபிளில் 57 உண்மையிலேயே இருக்கிறதா என்று டேட்டாபேஸ் சரிபார்க்கும். இல்லையென்றால் அந்த வரிசையை ஏற்காது. 57-ஐ அழிக்கப் போனாலும், ‘இதைச் சார்ந்த பிரதிகள் இருக்கின்றன’ என்று மறுக்கும். இல்லாத ஒன்றைப் பற்றிய வாக்கியம் உள்ளே நுழையாமல் இருக்க இதைவிட நல்ல காவல் இல்லை.

ஒன்றா, பலவா?

ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு பதிப்புக்குப் பல பிரதிகள், ஒரு பிரதிக்கு ஒரே பதிப்பு. இது ஒன்று-பல உறவு. ‘பல’ இருக்கும் பக்கத்தில் ஃபாரின் கீயை வைத்தால் முடிந்தது. படைப்புக்கும் ஆசிரியருக்கும் அப்படி இல்லை. ஓர் ஆசிரியர் பல படைப்புகளை எழுதலாம், ஒரு படைப்பை இருவர் சேர்ந்தும் எழுதலாம். ‘ஆசிரியர் 1’, ‘ஆசிரியர் 2’ என்று நெடுவரிசைகள் போடத் தோன்றும். அப்போது மூன்று பேர் எழுதிய நூல் வந்தால் என்ன செய்வது? ஓர் ஆசிரியரைத் தேட இரண்டு நெடுவரிசைகளிலும் தேட வேண்டுமே? பல-பல உறவுக்கு எப்போதும் நடுவில் ஒரு டேபிள் வேண்டும். ‘படைப்பு ____ஐ எழுதியவர்களில் ஆசிரியர் ____ ஒருவர்.’ ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரிசை. எத்தனை பேர் எழுதியிருந்தாலும் அத்தனை வரிசைகள்.

உறுப்பினருக்கும் பிரதிக்கும் இடையிலும் பல-பல உறவுதான், ஆனால் அங்கே நடுவில் வரும் டேபிள் வெறும் இணைப்பாக நிற்காது. எடுத்த தேதி, கெடு தேதி, திருப்பிய தேதி எல்லாம் உறுப்பினரைப் பற்றியவையும் இல்லை, பிரதியைப் பற்றியவையும் இல்லை. அவை இரவல் என்ற நிகழ்வைப் பற்றியவை. கோடாக வரைந்தது பெட்டியாக மாறிவிட்டது. படத்தில் ஒரு கோட்டின்மேல் தேதியோ தொகையோ எழுத வேண்டும் என்று தோன்றினாலே, அது தனி டேபிளாக வேண்டும் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

நார்மலைசேஷன்

ஒவ்வொரு செய்தியும் ஒரே இடத்தில் இருக்கும்படி டேபிள்களைப் பிரிப்பதற்குத்தான் இந்தப் பெயர். இதைக் கேட்டுப் பயப்படுபவர்கள் நிறைய. இதுவரை செய்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும், ஆசிரியர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் அடைக்காதே என்பது முதல் இயல்பு வடிவம். நடுவில் வைத்த படைப்பு-ஆசிரியர் டேபிளில் ஆசிரியர் பிறந்த ஆண்டையும் போட்டால், அது கீயின் ஒரு பாதியைப் பற்றி மட்டும் பேசுகிறது. அதை ஆசிரியர் டேபிளுக்கு அனுப்பு என்பது இரண்டாவது. பதிப்பு டேபிளில் பதிப்பகத்தின் முகவரி இருந்தால், அது பதிப்பைப் பற்றிய செய்தி இல்லை, பதிப்பகத்தைப் பற்றியது. பதிப்பகத்துக்குத் தனி டேபிள் கொடு என்பது மூன்றாவது. காட் இவற்றை 1970களின் தொடக்கத்தில் வரையறுத்தார். அதற்கு மேலும் வடிவங்கள் உண்டு, ஆனால் மூன்றாவதை ஒழுங்காகத் தொட்ட டேபிள் அன்றாட வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இரவல் டேபிளில் கெடு தேதி எதற்கு, எடுத்த தேதியோடு 14 நாள் கூட்டினால் கிடைத்துவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். விதி என்றைக்கும் மாறாது என்றால் அது சரி. நாளை நூலகம் 21 நாள் என்று மாற்றினால், கூட்டிக் கணக்கிடும் முறையில் பழைய இரவல்களின் கெடுவும் தானாகத் தள்ளிப்போகும். அன்று தாமதமாகத் திருப்பியவர்கள் இன்று நேரத்துக்குத் திருப்பியவர்களாக மாறிவிடுவார்கள். ‘இப்போதைய விதி இத்தனை நாள்’ என்பதும் ‘இந்த இரவலுக்கு அன்று சொல்லப்பட்ட கெடு இது’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தந்தாலும் இரண்டையும் சேமிக்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் விற்ற அன்றைய விலையைத் தனியாக எழுதி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வயதைச் சேமிக்கக் கூடாது, பிறந்த தேதியைச் சேமிக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம்: வயது வெறும் கணக்கு, பிறந்த தேதிதான் செய்தி.

கோடுகளுக்குள் என்ன வரலாம்

தரவு வகை என்பது முதல் காவல். தொலைபேசி எண்ணை எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால் எழுத்து வகையே சரி. பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள், இருமத்தில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, சிறு பிழைகள் சேர்ந்து கணக்கு இடிக்கும். தசம வகை அதற்காகவே இருக்கிறது.

காலியான கட்டம், அதாவது நல், தனித் தொல்லை. திருப்பிய தேதி நல் என்றால் இன்னும் திருப்பவில்லை என்று பொருள் கொள்கிறோம். ஆனால் திருப்பினார், தேதியை எழுத மறந்துவிட்டோம் என்றும் இருக்கலாமே? டேபிள் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். அதோடு, எஸ்.க்யூ.எல்லில் நல் எதற்கும் சமம் இல்லை, இன்னொரு நல்லுக்குக்கூட. ‘திருப்பிய தேதி = நல்’ என்று தேடினால் ஒரு வரிசைகூட வராது; ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். புதியவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எந்த நெடுவரிசை காலியாக இருக்கலாம், இருந்தால் அதன் பொருள் என்ன என்று ஸ்கீமா எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மற்ற விதிகளையும் டேட்டாபேஸிடமே ஒப்படைக்கலாம். திருப்பிய தேதி எடுத்த தேதிக்கு முந்தையதாக இருக்கக் கூடாது என்று ஒரு செக் விதி. ஒரு பிரதி ஒரே நேரத்தில் இருவர் கையில் இருக்க முடியாது என்பதற்கு போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் அழகான வழி உண்டு: ‘திருப்பிய தேதி காலியாக இருக்கும் வரிசைகளில் மட்டும் பிரதி எண் இரு முறை வரக் கூடாது’ என்று ஒரு பகுதி இன்டெக்ஸ் போட்டால் போதும். ‘அதையெல்லாம் ஆப் பார்த்துக்கொள்ளும்’ என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே டேட்டாபேஸுக்கு நாளை இன்னொரு ஆப் வரும், யாரோ நேரடியாகக் கட்டளை கொடுத்துத் திருத்துவார்கள். அப்போதும் விழித்திருப்பது ஸ்கீமாவில் எழுதிய விதி மட்டுமே.

மூன்று தளங்கள்

1975-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஸ்பார்க் குழு, ஸ்கீமாவை மூன்று தளங்களில் பார்க்கச் சொன்னது. நடுவில் இதுவரை நாம் பேசிய பொதுவான கருத்து ஸ்கீமா. மேலே, ஒவ்வொரு பயனருக்கும் தெரியும் பார்வை. கவுன்டரில் இருப்பவருக்கு இரவல் விவரம் தெரிந்தால் போதும், உறுப்பினரின் பிறந்த தேதி தெரிய வேண்டியதில்லை. எஸ்.க்யூ.எல்லில் வியூ என்பது இதற்குத்தான். கீழே, வட்டில் தரவு எப்படி அடுக்கப்படுகிறது, எங்கே இன்டெக்ஸ் இருக்கிறது என்ற உள் தளம். இன்டெக்ஸ் சேர்த்தால் தேடல் வேகமாகும், எழுதுவது சற்று மெதுவாகும், ஆனால் எந்தக் கேள்வியின் பதிலும் மாறக் கூடாது. ஒரு தளத்தில் செய்யும் மாற்றம் மற்ற தளத்தைக் குலைக்கக் கூடாது என்பதே இந்தப் பிரிவின் நோக்கம், காட் கேட்டதும் அதைத்தான்.

டேபிளுக்கு வெளியே

2000களில் பெரிய இணைய நிறுவனங்களின் தேவைகள் வேறு மாடல்களை மேலே கொண்டுவந்தன. கூகுள் 2006-இல் பிக்டேபிள் என்ற தன் சேமிப்பு அமைப்பு பற்றியும், அமேசான் 2007-இல் டைனமோ என்ற தன் அமைப்பு பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டன. 2009-இல் மாங்கோடிபி என்ற ஆவண டேட்டாபேஸ் வந்தது. ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று மட்டும் சேமிப்பவை, முழு ஆவணத்தையும் ஒரே துண்டாகச் சேமிப்பவை, முனைகளும் இணைப்புகளுமாகச் சேமிக்கும் கிராஃப் டேட்டாபேஸ்கள் எல்லாம் இன்று பரவலாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. ஆவண மாடலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: அது மறுபடியும் மரம்தான். எப்போதும் சேர்ந்தே படிக்கும் தரவுக்கு அது மிகப் பொருத்தம். பலர் பகிரும் செய்தியை உள்ளே திணித்தால் சாட்டர்ன் 5 திருகாணி திரும்ப வந்துவிடும். ‘ஸ்கீமா தேவையில்லை’ என்று இவற்றை விளம்பரப்படுத்தும்போதும் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்கீமா மறைவதில்லை; டேட்டாபேஸிலிருந்து நிரலுக்குள் இடம் மாறுகிறது, யாரும் ஒரே இடத்தில் படித்துப் பார்க்க முடியாதபடி சிதறுகிறது. முதன்முதலாகக் கற்பவர் உறவுநிலை மாடலில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். போஸ்ட்கிரெஸ் போன்றவை தேவைப்பட்ட இடத்தில் ஜேசன் என்ற வடிவில் எழுதிய ஆவணங்களையும் ஒரு நெடுவரிசையில் ஏற்றுக்கொள்கின்றன.

கையால் செய்து பார்க்க எஸ்க்யூலைட் போதும். சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. ஆசிரியர், படைப்பு, படைப்பு-ஆசிரியர், பதிப்பு, பிரதி, உறுப்பினர், இரவல் என்று ஏழு டேபிள்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் அதன் வாக்கியத்தைக் குறிப்பாக எழுதிவையுங்கள்; வாக்கியத்தில் ‘மற்றும்’ நுழைந்தால் அந்த டேபிளை மறுபடி பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். இல்லாத பிரதிக்கு ஓர் இரவல் போடுங்கள், வெளியே இருக்கும் பிரதியை இரண்டாமவருக்குக் கொடுங்கள், எடுப்பதற்கு முன்பே திருப்பியதாகப் பதியுங்கள். மூன்றையும் அது மறுக்க வேண்டும். முதலாவதை மட்டும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டால் உங்கள் ஸ்கீமாவில் பிழை என்று நினைக்க வேண்டாம்: எஸ்க்யூலைட் ஃபாரின் கீ சோதனையைப் பழைய நிரல்களுக்காக இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ‘பிரக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்’ என்று முதலில் சொல்லிவிட்டு, அதே இரவலை மறுபடி போட்டுப் பாருங்கள்.